வைப்பரில் விளக்கெண்ணெய்

சங்கரன்கோவிலில் டாக்சி ஓட்டுகிறவனுக்கு வைப்பர் என்பது ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேலை வைக்கும் சாமான். மற்ற மாதமெல்லாம் வெயில்தான். அந்த வெயிலில் விட்டுவைத்தால் ரப்பர் விறைத்து வெடித்துப் போகும். அதனால் கார்த்திகை கழிந்ததும் பிளேடுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவோம். ஆயுத பூஜை அன்று எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி கும்பிட்டு மாட்டுவோம். ஸ்டாண்டில் எல்லாருக்கும் இதே வழக்கம்தான். சண்முகையா அண்ணாச்சி மட்டும் ஒருபடி மேலே போய், பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவார். பெண்டாட்டி நகையைக்கூட அப்படிப் பூட்டி வைத்திருக்க மாட்டார் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

அவர் பஸ்ஸில் கிளீனராக இருந்து, லாரி ஓட்டி, வயிற்றைக் கட்டி ஒரு பழைய அம்பாசிடரை வாங்கியவர். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் அவரும் முத்துத்தாய் மதினியும்தான். அந்த வண்டியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் போதும், முற்றத்தில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை அனுப்புவது அவருக்கு மானக்கேடு. என் வீடு அடுத்த வீடு என்பதால் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. நானும் டாக்சிதான் ஓட்டினேன். ஆனால் எனக்கு வண்டி சோறு போடுகிற ஒரு சாமான், அவ்வளவுதான். அவருக்கு அப்படியில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம், ஆவணி மாதம். அண்ணாச்சி வீட்டுக்குள் நடக்கும்போது நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பக்கத்தில் வைத்த காப்பித் தம்ளரைத் தட்டிவிட்டு, மதினியைத் திட்டுவார். பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டபோது மதினிதான் அவரை வம்பாக இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு மதினியிடம் மட்டும் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம். பக்கவாட்டில் பார்வை ஏற்கெனவே போய்விட்டது, நடுவில் இருப்பதும் போகும், ஆபரேஷன் செய்தாலும் போனது திரும்பாது என்றார். வண்டி ஓட்ட விடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

மதினி வெளியே வந்து, "கண்ணுல சூடு ஏறியிருக்காம். மருந்து விட்டாச் சரியாப் போயிருமாம்" என்றாள்.

அவர் நம்பிவிட்டார். அல்லது நம்பியதுபோல் இருந்தார். அந்த மனுஷனின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று அவரோடு இத்தனை வருஷம் பழகிய எனக்கே தெரியாது.

மருந்து விட்டுக்கொண்டே பழகின ரோட்டில் சமாளித்து ஓட்டியவர், அந்த ஐப்பசியில் முதல் மழைக்கே மாட்டிக்கொண்டார். வாசுதேவநல்லூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனவர், நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். வைப்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "கண்ணாடி தெரியல, மழை விட்டதும் போவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கி மழையில் நின்றிருக்கிறார். வண்டியில் இருந்தவர்கள் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிய கையோடு சாக்கை விரித்தார்.

"ரப்பர் சரியில்லலே சங்கரசுப்பு. தண்ணிய வழிக்க மாட்டேங்கு. மழைக்காலத்துல வைப்பர் சரியில்லாத வண்டியில ஆள ஏத்துனா கொலகாரன்னு அர்த்தம். சரிபண்ணாம நான் ஸ்டாண்டுக்கு வரமாட்டேன்" என்றார் என்னிடம்.

அப்படிச் சொல்லிவிட்டால் வரமாட்டார்தான். அது அவர் குணம். பிளேடுகளைக் கழற்றி ரப்பரை உருவினார். பஸ் வைப்பரின் ரப்பர் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, சவர பிளேடால் நீளத்தைக் குறைத்து, விளிம்பை ஒரே சீராக நறுக்கிச் செருகினார். வைப்பர் கையில் துரு ஏறியிருந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, கண்ணாடியில் அழுத்தம் விழவில்லை என்று அதையும் இழுத்துக் கட்டினார். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தே செய்தார். விரல் பார்த்துக்கொண்டிருந்ததால் கண் பார்க்கவில்லை என்பது வெளியே தெரியவில்லை. நான் செய்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

மறுநாள் காலையில் ஸ்டாண்டுக்குப் புறப்பட்டவர், ஒரு செம்புத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி வைப்பரைப் போட்டார். கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் மசமசவென்று ஆகிவிட்டது. திரும்பவும் சாக்கு விரிந்தது. அடுத்த நாளும் அதே கதை. ரப்பரை மாற்றினார், வைப்பர் கையை வளைத்தார், மோட்டாரையே இறக்கி ஏற்றினார். சாயங்காலம் ரப்பர் நன்றாகத்தான் இருக்கும். விடிந்தால் மசமசப்பு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒருநாள் விடிகாலையில் வண்டியைத் துடைக்க வெளியே வந்தபோது பார்த்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட வந்த மதினி, சின்னக் கிண்ணத்தில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு, ரப்பர் விளிம்பில் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா மதினி? அந்த மனுசன் ராப்பகலா உயிரக் குடுத்து வேல பாக்காரு, நீங்க இப்படிச் செய்யுதீங்களே?" என்று பாய்ந்தேன்.

அவள் என் கையைப் பிடித்து வேலியோரம் இழுத்துப் போனாள். டாக்டர் சொன்னதை அப்போதுதான் எனக்குச் சொன்னாள்.

"அவுககிட்ட சொல்லிர வேண்டியதுதான மதினி?"

"எப்படிச் சொல்லுவேன் தம்பி? இனிமே வண்டியத் தொடக்கூடாதுன்னு சொன்னா அவுக அன்னைக்கே செத்துப்போவாக. சொல்லாட்டி ரோட்டுல யாரையாவது ஏத்திக் கொன்னுருவாக. வைப்பரு சரியில்லன்னா வண்டிய எடுக்க மாட்டாக. அது ஒண்ணுதான் எனக்கு வழி. இந்த மழைக்காலம் கழியட்டும், எப்படியும் சொல்லிருதேன்."

மழைக்காலம் கழிந்தால் மட்டும் எப்படிச் சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. பாவம், நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நானும் அந்தப் பொய்யில் கூட்டு. அண்ணாச்சி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஒனக்கு எப்படிலே தெரியுது?" என்று கேட்பார். "எனக்கும் மங்கலாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்பேன். எண்ணெய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தால் யாருக்கும் மங்கல்தானே. அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. வைப்பரைத் திட்டிக்கொண்டே சந்தோஷமாகச் சாக்கில் போய் உட்காருவார்.

கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மேகம் மூடி, மழை வரப் பார்த்தது. அண்ணாச்சி என் பெயரைச் சொல்லித் தெருவே அதிரும்படி கத்தினார். ஓடிப் போனேன். ரப்பரைக் கழற்றிக் கையில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"இங்கன மோந்து பாருலே. விளக்கெண்ணெய்! எவனோ ஆகாதவன் தடவியிருக்கான். நான் என்னமோ... நான் என்னமோ என் கண்ணுதான் போச்சோன்னு பயந்து செத்துக்கிட்டு இருந்தேன்லே. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எண்ணெய்டே, எல்லாம் எண்ணெய்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுப்படி வாசலில் மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அவர் ரப்பரைப் பெட்ரோலில் முக்கித் துடைத்தார். சோப்புப் போட்டுக் கழுவினார். கண்ணாடியைச் சாம்பல் வைத்துத் தேய்த்து, பேப்பரால் துடைத்து, எண்ணெய்ப் பசை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் ஆக்கினார். பிளேடுகளை மாட்டினார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். இன்றைக்கு மழையிலேயே ஸ்டாண்டுக்குப் போகப் போவதாகச் சொன்னார். என்னைப் பக்கத்தில் ஏறச் சொன்னார்.

"ஏட்டி, ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வா. மேல இருந்து ஊத்து!"

மதினி முக்காலி போட்டு ஏறி, குடத்தைச் சரித்தாள். தண்ணீர் கண்ணாடியில் கொட்டியது. அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். இரண்டு வைப்பரும் சத்தமே இல்லாமல் போய் வந்தன. கண்ணாடி துடைத்து வைத்ததுபோல் ஆனது. எதிரே வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக் கொடியில் கிடந்த துணி, முக்காலியில் நின்ற மதினியின் நனைந்த சேலை, எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

அண்ணாச்சி கண்ணைக் கசக்கினார். முன்னால் குனிந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்துட்டி" என்றார். அவள் ஊற்றினாள். வைப்பர் ஓடியது. "எங்க நிக்கா இவ?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கைக்கெட்டும் தூரத்தில், வலப்பக்க மட்கார்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"ஒனக்கு எப்படித் தெரியுதுலே?" என்றார் என்னிடம்.

நான் வாயைத் திறந்தேன். இந்த முறை பொய் வரவில்லை.

"சொல்லாண்டாம்" என்றார்.

சுவிட்சை நிறுத்தினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மதினி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் வந்தாள். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துழாவி, அவள் கையைப் பிடித்தார். அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். விளக்கெண்ணெய் எளிதில் போகாது.

மதினி அழ ஆரம்பித்தாள். அவர் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று பயந்து நான் கதவைத் திறந்து இறங்கினேன். அவர் கையை விடவில்லை. குரலும் உயரவில்லை.

"இன்னும் கொஞ்ச நாளு தடவியிருக்கக் கூடாதாட்டி?" என்றார்.