குங்குமம் வைத்த பனிமலை

தொண்ணூறுகளில், மலையையே சாமியாகக் கும்பிடும் எங்கள் ஊரின் செங்கம் சாலையில், எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த வெளிநாட்டுப் பெண் ஊருக்குக் கிளம்பும்போது, தான் வரைந்த ஓவியத்தை அம்மாவிடம் கொடுத்தார். பனிமலை, அதன் உச்சியில் தன்னந்தனியாக ஒரு மடாலயம். அம்மா அதைக் கண்ணாடி போடாமலே சாமி படங்களோடு மாட்டி, மடாலயத்தின் மேலேயே குங்குமம் வைத்துவிட்டாள். கல்லூரியிலிருந்து வந்து பார்த்த எனக்கு மானமே போன மாதிரி இருந்தது.

“இது சாமி இல்லம்மா, வெறும் படம்” என்று கத்தினேன்.

“மலைதானடா, வேற என்ன வேணும்?” என்றாள்.

ஈரத்துணியால் குங்குமத்தை அழுத்தித் துடைத்தேன். நீர்வண்ணம் என்று எனக்குத் தெரியாது. மடாலயமும் துணியோடு வந்துவிட்டது.

அம்மா திட்டவில்லை. படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“இப்ப வெறும் படந்தான். நீயே வச்சிக்க.”