எலுமிச்சை தின்ற இரும்பு

காலை 7.40. ரவாங்கிலிருந்து ஜெராமுக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம். காத்திருந்து திரும்பிவர வாடகைக் காருக்கு 180 வெள்ளி. ஈட்டி என்னைவிட உயரம். பழைய சேலையில் சுற்றி, முன் இருக்கையைச் சாய்த்துக் கிடத்தினேன். “திரைச்சீலைக் கம்பியாக்கா?” என்றார் ஓட்டுநர். ஆமாம் என்றேன்.

மூன்று நாட்களுக்கு முன், என் மகன் தினேஷ் அந்த ஈட்டியை விற்க இணையத்தில் படம் போட்டிருந்தான். அதைப் பார்த்து புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டக் கோயிலிலிருந்து நான்கு பேர் வந்து, எங்கள் வாசலில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். காணாமல்போன சாமி வேல் அதுதானாம். அக்கம்பக்கத்தார் கூடியதும் கெடு வைத்துப் போனார்கள்: ஞாயிற்றுக்கிழமைக்குள் வேல் வராவிட்டால் போலீஸ். இன்று சனி.

“அது வேலே இல்லமா,” என்றான் தினேஷ். “தென் பிலிப்பைன்ஸ் மோரோக்காரங்க ஈட்டி. பழைய சாமான் கடையில வாங்கினேன்.”

மோரோ ஈட்டி என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மகன் தப்பினான். அப்படித்தான் நினைத்துப் புறப்பட்டேன்.

8.50. கோலசிலாங்கூர். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்த்ததுண்டா என்று ஓட்டுநர் கேட்டார். சாலையின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்து முனையில் அந்தக் கோயிலின் கோபுரம் தெரிந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

9.20. ஜெராம். சேகரனின் வெல்டிங் பட்டறை மீன் சந்தைக்குப் பின்னால். பத்து வருடம் பிலிப்பைன்ஸை ஒட்டிய சபாவில், சண்டாக்கானில் வேலை பார்த்து, கடல் கடந்து வரும் பழைய ஆயுதங்களைப் பழகியவர். ஓட்டுநர் தேநீர் குடிக்கப் போனபின் சேலையைப் பிரித்தேன்.

“நுனியக் கடைசியா பாப்போம்கா. நுனியப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாறுறாங்க.”

அடியிலிருந்து தொடங்கினார். பிடி கருத்த பனைமரம். கழுத்தில் வெள்ளிப் பூண், அதில் கொடி வேலைப்பாடு. அலகின் வால் மரத்துக்குள் இறங்கி, பிசினால் இறுகியிருந்தது. கோயில் வேல் என்றால் தகட்டை வெட்டி ஒட்டியிருப்பார்களாம். பிலிப்பைன்ஸின் வடக்கு மலைக்காரர் ஈட்டி என்றால் பெரும்பாலும் அலகில் முள் இருக்குமாம். மலாய் ஈட்டிக்கு இவ்வளவு அகன்ற அலகு அபூர்வமாம். மடித்து மடித்து அடித்த இரும்பா என்பதுதான் பாக்கி. அதற்கு எலுமிச்சைச் சாறு தேய்த்தால் உள்வரிகள் மேலே வரும் என்றார்.

நுனியை வெளிச்சத்தில் பிடித்தார். அங்கே மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, மர ரேகை போல வரிகள் ஏற்கெனவே தெளிந்திருந்தன.

“மோரோவேதான். சந்தேகமே இல்ல.”

மூன்று நாட்களில் முதன்முறையாக நெஞ்சு இளகியது. அவர் ஈட்டியைக் கீழே வைக்கவில்லை.

“சாறு தேய்ச்சா அலகு முழுக்கத் தேய்ப்போம்லா. இது நுனியில மட்டும், சுத்திவர அரிச்சிருக்கு. கோயில் சாமானாக்கா?”

வெள்ளிக்கிழமை தோறும் வீட்டு வேலின் நுனியில் எலுமிச்சம்பழம் குத்துகிறவள் நான். எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சபா தோட்டங்களுக்குப் போய்த் திரும்பிய யாரோ கொண்டுவந்து கோயிலுக்கு வேலாகக் கொடுத்திருக்கலாம் என்றார் சேகரன். கூலி வாங்க மறுத்துவிட்டார். அதுதான் அதிகம் சுட்டது.

தினேஷுக்குப் போன் செய்தேன். அந்தச் சாமான் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கடையைச் சொல்லாமல், “மோரோதானேமா?” என்றான்.

11.10. தோட்டத்து முனையில் காரை நிறுத்தச் சொன்னேன். கோயிலில் இருந்த தலைவர், அன்று சட்டையைப் பிடித்தவர்தான்.

“என் மகன்தான் எடுத்தான்ணே. போலீஸ் வேண்டாம்.”

“என்கிட்ட ஏன் சொல்றீங்க? அங்க சொல்லுங்க,” என்று சந்நிதியைக் காட்டினார். சொன்னேன். அவர் அலகைத் துடைத்து நட்டு, நுனியில் புது எலுமிச்சம்பழத்தைக் குத்தினார். சாறு வரிகளின் மேல் வழிந்தது. அது எந்த ஊர் இரும்பென்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் தகுதியை மகன் விட்டுவைக்கவில்லை.

வெறும் சேலையை மடித்துக்கொண்டு காரில் ஏறினேன்.

“கம்பி மாட்டியாச்சாக்கா?”

ஆமாம் என்றேன். இரண்டாவது முறை சொல்ல இன்னும் சுலபமாக இருந்தது.