கடைசி பெஞ்சுக்குப் போன வரிசை

ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டால் போதும்... செம்பனை எண்ணெய் ஆலையின் புளித்த வாடை, ஆரம்ப ஜெபத்துக்கு முன்பே வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

புக்கிட் ரோத்தான் ஊர்ப் பக்கம் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயில். அதன் பின்னால் தகரக் கூரை போட்ட மண்டபம். அங்கேதான் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தேன். வார நாளில் கம்பெனியில் கிளார்க், ஞாயிறானால் டீச்சர். "வேற ஆளு இல்லம்மா" என்று ஃபாதர் சொன்னார்... என் தகுதி அவ்வளவுதான்.

அந்த வயசு இருக்கிறதே, அப்பப்பா. பையன்கள் தலைக்கு ஜெல் போட மறக்க மாட்டார்கள், பைபிளை மறந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளைக் கேள்வி கேட்டால் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பார்கள். "தூய ஆவியின் கொடைகள் என்னென்ன?" என்றால் மொத்த வகுப்பும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்கும்.

ஸ்டெல்லா மட்டும் பதில் சொல்லுவாள்.

அவளை எஸ்டேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவது அவள் அத்தை சரோஜா அக்கா. நாற்றுப் பண்ணையில் வேலை. நெற்றியில் பெரிய குங்குமம், செவ்வாய், வெள்ளி மாரியம்மன் கோயில். ஸ்டெல்லாவின் அம்மா எங்கள் கோயில்காரர். பிள்ளை சின்னதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அப்பா லோரி ஓட்டுநர், வீடு தங்குவது அபூர்வம். 'பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதை மட்டும் நிறுத்தாதீங்க' என்று அந்தத் தாய் கேட்டு வாங்கிய வாக்கை, மழையோ வெயிலோ, காப்பாற்றியவர் இந்த நாத்தனார்தான்.

"உள்ள வந்து உட்காருங்கக்கா" என்பேன்.

"வேணாம் டீச்சர், மோட்டார பாத்துக்கணும்லா" என்பார். யாரும் திருட நினைக்காத மோட்டார் அது. வகுப்பு முடியும்வரை வாசலிலேயே இருப்பார்.

அந்த வருஷம் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல், விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு. ஆயர், அதாவது பிஷப், வந்து நெற்றியில் எண்ணெய் பூசும்போது, ஞானத்தாயோ ஞானத்தந்தையோ பின்னால் நின்று தோளில் கை வைக்க வேண்டும். அவர்களும் உறுதிபூசுதல் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பது சபை முறை.

"எனக்கு எங்க அத்தைதான் நிக்கணும்" என்றாள் ஸ்டெல்லா.

"அது முடியாதும்மா..."

"அப்ப எனக்கு வேணாம் டீச்சர்."

அழவில்லை. அடம்பிடிக்கவும் இல்லை. புத்தகத்தை மூடி வைத்தாள், அடுத்த வாரம் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பிலேயே நம்பிக்கையோடு படித்த ஒரே பிள்ளை, அதுவும் அன்பினாலேயே கைவிட்டுப் போகிறது.

அதற்கடுத்த வாரம் அத்தையே அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"நான் நின்னா அது பொய்யில்லையாடி? உங்கம்மா கும்பிட்ட சாமி முன்னால என்னைப் பொய் சொல்லச் சொல்றியா? டீச்சர் நிக்கட்டும். நான் பின்னால உட்கார்ந்து பாக்குறேன்."

ஸ்டெல்லா தலையாட்டினாள். முகம் மட்டும் தெளியவில்லை.

ஒத்திகையில் ஆயிரம் தடவை சொன்னேன். "பிஷப்கிட்ட போயிட்டு, வலது பக்கம் திரும்பி உங்க இடத்துக்கு வந்துருங்க. சந்தேகமா இருந்தா முன்னால போறவங்க பின்னாலயே போங்க." தப்புப் பண்ணாத பிள்ளை என்று ஸ்டெல்லாவையே முதலில் நிறுத்தினேன்.

அந்த நாளும் வந்தது. அவள் தோளில் என் கை. ஆயர் எண்ணெய் பூசி, சமாதானம் சொன்னார்.

ஸ்டெல்லா வலது பக்கம் திரும்பவில்லை.

நடுப்பாதையில் நேராக நடந்தாள். கடைசி பெஞ்சில் பட்டுச்சேலையோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்த அத்தையின் கையை எடுத்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்குச் செய்வதுபோல, தன் நெற்றியில் ஒற்றி சலாம் வைத்தாள்.

சரி, ஒரு பிள்ளைதானே என்று மூச்சு விட்டேன்... அடுத்து எண்ணெய் பூசப்பட்ட ஜெல் தலைப் பையன் ஒரு கணம் முழித்தான். அவனும் கடைசி பெஞ்சுக்குப் போய் சலாம் வைத்தான். அவன் பின்னால் அடுத்தவள். அவள் பின்னால் அடுத்தவன். நான் கண்ணைக் காட்டுகிறேன், கையைக் காட்டுகிறேன்... யார் பார்த்தார்கள்? வருஷம் முழுக்க என் பேச்சைக் கேட்காத பிள்ளைகள், அன்றைக்கென்று பார்த்து ஒரு வார்த்தை தவறாமல் கேட்டார்கள்.

முதலில் மிரண்டுபோன சரோஜா அக்கா மெல்ல எழுந்து நின்றார். வந்த ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்தார்.

பூசை முடிந்ததும் ஆயர் நேராக அவரிடம் போனார்.

"நீங்கதான் இந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தீங்களாம்மா?"

"ஆமாங்க சாமி. மோட்டார்ல."

ஆயர் சிரித்துவிட்டு, இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. நான் ஷா ஆலாமுக்கு வந்துவிட்டேன். ஸ்டெல்லா கிள்ளான் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள், அத்தையும் அவளோடுதான். தகர மண்டபம் இருந்த இடத்தில் ஏர்கோன் போட்ட வகுப்பறை. அம்மா, அப்பாக்கள் காரை ஓடவிட்டு ஃபோன் பார்த்தபடி காத்திருக்கிறார்கள்.

போன வருஷம் புக்கிட் ரோத்தான் கோயில் உறுதிபூசுதலுக்குப் போயிருந்தேன். எண்ணெய் பூசிக்கொண்ட பிள்ளைகள் வரிசையாகக் கடைசி பெஞ்சுக்குப் போய், அங்கே இருந்த பெரியவர்களுக்கு சலாம் வைத்துவிட்டு இடத்துக்குத் திரும்பினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இளம் டீச்சரிடம், "இது எப்பருந்தும்மா?" என்றேன்.

"இதான் டீச்சர் முறை. எல்லாக் கோயில்லயும் இப்படித்தானே?"

"ஆமாம்மா" என்றேன்.

அன்று சாயங்காலமே சரோஜா அக்காவுக்கு ஃபோன் போட்டு, பிள்ளைகள் கடைசி பெஞ்சுக்குப் போனதைச் சொன்னேன். உங்களால் எனக்குக் கிடைத்த கொடைக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை அக்கா என்றேன்.

"நல்லதுதானே டீச்சர்... பின்னால உட்கார்ந்திருக்கவங்களும் அந்தப் பிள்ளைங்களுக்காகத்தானே வந்திருக்காங்க."