என் கையில் சேவியரின் காற்று

பதினான்கு மீட்டர் ஆழத்தில், என் இடது மணிக்கட்டில் கட்டியிருந்த கம்ப்யூட்டர் அறுபது என்று காட்டியது. இடுப்போரம் ஹோஸில் தொங்கிய பழைய முள் கேஜ் நூற்றிருபது என்று காட்டியது. இரண்டும் ஒரே டேங்கின் காற்றைத்தான் காட்ட வேண்டும். என் முதுகில் இருந்ததும் ஒரே ஒரு டேங்க்தான்.

இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு வயர்லெஸ் கேஜ் சாதாரண விஷயம். நாங்கள் அதை முதன்முதலில் கையில் கட்டிக்கொண்ட கதையை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். தவறு என்னுடையது என்பதையும் சேர்த்து.

1. சிங்கப்பூர் பெட்டி

தொண்ணூறுகளின் பின்பாதி. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளம்தான் எங்கள் ஆபீஸ். தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ரிப்போர்ட் கொடுப்பது எங்கள் தொழில். கப்பலின் அடிப்பாகம், பாலத்தின் தூண், யாரோ கடலில் இறக்கிவிட்டுத் தேடுகிற கருவி, எதுவானாலும் போவோம். நான் எக்விப்மென்ட் இன்சார்ஜ். டேங்கின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரைப் பிரித்து, கழுவி, ரப்பர் ஓ-ரிங் மாற்றித் திரும்பப் பூட்டுவது என் வேலை. டைவிங்கும் போவேன்.

வீடு மந்தைவெளியில். நடந்தே ஆபீஸ் போய்விடுவேன். அம்மாவுக்கு இந்த வேலை கடைசிவரை பிடிபடவில்லை. "ஆத்துல ஒரு பைப் ஒழுகிண்டிருக்கு, அதைப் பாக்க இவளுக்கு நேரமில்லை. சமுத்திரத்துக்கு அடியில போய் பைப் பாத்துண்டு வராளாம்" என்பாள்.

முதலாளி ராமநாதன் சார் முன்பு கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். ஒருமுறை சிங்கப்பூர் போய் வந்தபோது இரண்டு சின்னப் பெட்டிகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் பெரிய கடிகாரம் மாதிரி கம்ப்யூட்டர் ஒன்று, கட்டைவிரல் அளவில் கறுப்பு உருளை ஒன்று.

"ஹோஸே வேணாம். இந்தக் கட்டைய டேங்க் பக்கம் திருகிட்டா, எவ்வளவு காத்து இருக்குன்னு ரேடியோல கைக்கு வந்துடும். ஆழம், நேரம், இன்னும் எவ்வளவு நேரம் கீழ இருக்கலாம், எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்" என்றார்.

கறுப்பு உருளைக்குப் பெயர் டிரான்ஸ்மிட்டர். ரெகுலேட்டரில் டேங்கோடு பூட்டும் பாகமான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அதைத் திருக வேண்டும். எந்தக் கடிகாரத்தோடு ஜோடி சேர்த்தோமோ அதோடு மட்டும்தான் பேசும். ஒன்றரை மீட்டர் வரைதான் எட்டும். அதைத் தாண்டினால் கடிகாரத்தில் எண் போய் மூன்று கோடுகள் வந்துவிடும்.

என்னோடு டைவ் பண்ணுகிறவர் சேவியர் சார். கடற்படையில் டைவராக இருந்து வந்தவர், நாற்பது வயது, வீடு அடையாறில். எந்தப் புதுப் பொருளையும் நம்பாத மனிதர் இந்தப் பெட்டியைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். அன்றைக்கே தன் கேஜை ஹோஸோடு கழற்றச் சொன்னார்.

"வலையில மாட்டறதே இந்த ஹோஸ்தான் வசந்திம்மா. உன்னோடதையும் கழட்டிப் போடு."

நான் கழற்றவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்த முள்ளை அடிக்கடி பார்க்காவிட்டால் எனக்கு மூச்சு சரியாக வராது.

2. எட்டு மூச்சுக்கு ஓர் எண்

நந்தனம் பக்கத்தில் ஒரு நீச்சல்குளத்தில் டிரையல் பார்த்தோம். மத்தியான வேளை, குளம் காலி. அடியில் போய் நீலத் தரைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தலைக்கு மேலே வெயில் வலைவலையாக ஆடியது. வெளியே ஓடுகிற பஸ்ஸின் உறுமல் மட்டும் எங்கேயோ வேறு ஊரில் கேட்பதுபோலக் கேட்டது.

கையைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டேன். நூற்றெண்பது பார், டேங்கில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தம். மூச்சு விட்டேன், இழுத்தேன். எட்டு மூச்சு ஆனதும் நூற்று எழுபத்தொன்பது. மறுபடி எட்டு. நூற்று எழுபத்தெட்டு. அத்தனை வருஷம் மூச்சு விட்டிருக்கிறேன், அது எவ்வளவு செலவாகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வேலை மறந்துபோனது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து என்னை மெல்ல எண்ணிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. சேவியர் சார் வந்து தோளைத் தட்டியபோதுதான் அரைமணி நேரம் போயிருப்பது தெரிந்தது.

குளத்தில் எல்லாம் சரியாக வேலை செய்தது. அதனால்தான் பிறகு நான் சந்தேகப்படவில்லை.

3. கருவியைத் தேடி

ஓர் ஆய்வுக்கூடத்தார் நீரோட்டம் அளக்கிற கருவி ஒன்றைக் கடலடியில் வைத்திருந்தார்கள். அடையாளத்துக்கு விட்ட மிதவை அறுந்துபோனது. பட்டினப்பாக்கத்துக்கு நேர் கிழக்கே, பதினான்கு மீட்டர் ஆழம். எடுத்துக்கொடுக்க வேண்டும்.

முந்தின நாள் மத்தியானம் இரண்டு ரெகுலேட்டர்களையும் சர்வீசுக்குப் பிரித்தேன். கழற்றிய டிரான்ஸ்மிட்டர்கள் இரண்டையும் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டேன். நடுவில் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. கொஞ்ச நேரம் பேசினேன். திரும்பி வந்து உட்கார்ந்து பூட்டி முடித்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கரையில் தேசிங்கு போட்டோடு நின்றார். பட்டினப்பாக்கம் மீனவர் குப்பத்துக்காரர், எங்களை வழக்கமாகக் கடலுக்குக் கூட்டிப்போகிறவர். தண்ணீரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா மேடம், கலங்கிக்கீது. கீய போனா உன் கையே உனக்குத் தெரியாது."

அவர் சொன்ன அளவுக்கு இல்லை. போட்டில் நானும் சேவியர் சாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டேங்கைத் திறந்தோம். என் கையில் இருநூறு, அவர் கையில் இருநூறு. சேவியர் சார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இறங்கினோம்.

தண்ணீர் பச்சையாக இருந்தது, இளநீரில் பால் கலந்த மாதிரி. இரண்டு கை தூரம் தெரிந்தது. பொடிப்பொடியாக ஏதோ பெய்துகொண்டே இருந்தது, நாங்களும் அதோடு சேர்ந்து கீழே பெய்தோம். இறங்கும் வழியில் அவர் சற்று விலகியபோது என் கடிகாரத்தில் மூன்று கோடுகள். அருகே வந்ததும் எண் வந்தது. புதுசு, பழகட்டும் என்று நினைத்துக்கொண்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கருவி இரும்புச் சட்டத்தோடு மணலில் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு பழைய நைலான் வலை சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. நான் ஒரு முனையிலும் அவர் மறுமுனையிலும் உட்கார்ந்து கத்தியால் அறுக்க ஆரம்பித்தோம். அறுக்க அறுக்கச் சேறு கிளம்பியது. முதலில் அவர் கால் மறைந்தது. பிறகு முழு ஆளும் மறைந்தார். நான் ஒரு பச்சை அறைக்குள் தனியாக உட்கார்ந்து வலை அறுப்பதுபோல ஆகிவிட்டது. பயமாக இல்லை. சொல்லப்போனால் சுகமாகக்கூட இருந்தது. இருபத்தைந்து நிமிஷம் போயிருக்கும்.

அப்போதுதான் கையைப் பார்த்தேன். அறுபது. முள்ளைப் பார்த்தேன். நூற்றிருபது.

4. யாருடைய அறுபது

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பத்தொன்பது ஆனது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. ஐம்பத்தெட்டு.

என் மூச்சின் நடை எனக்குத் தெரியும். அழுத்தம் கூடிய அந்த ஆழத்தில் நாலு மூச்சுக்கு ஓர் எண் குறையலாம். இது இரண்டுக்கு ஒன்று குறைகிறது. மூச்சை அப்படியே நிறுத்திப் பார்த்தேன். ஐம்பத்தேழு.

நான் மூச்சு விடவில்லை. எண் குறைகிறது. யாரோ மூச்சு விடுகிறார்கள், அதுவும் வேகவேகமாக.

அந்தக் கிண்ணம் கண்முன் வந்தது. ஒரே மாதிரி இரண்டு கறுப்பு உருளைகள். என் கடிகாரத்தோடு ஜோடி சேர்ந்ததை அவர் டேங்கில் பூட்டியிருக்கிறேன். அவருடையதை என் டேங்கில். விலகினால் கோடு, நெருங்கினால் எண், எல்லாம் விளங்கிவிட்டது. என் கையில் ஓடுவது அவருடைய காற்று. அவர் கையில் தெரிவது என்னுடையது. இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அந்த மனிதர் எதனுடனோ போராடிக்கொண்டிருக்கிறார். பார்த்துச் சரிசெய்ய அவரிடம் முள்ளும் இல்லை.

சேற்றுக்குள் அவர் இருந்த பக்கம் போனேன். கையை நீட்டித் துழாவினேன், ஒன்றும் இல்லை. கடிகாரத்தில் மூன்று கோடுகள். தப்பான பக்கம் வந்துவிட்டேன். திரும்பினேன். ஐம்பத்திரண்டு வந்தது. எண் அணையாத பக்கமாக, மணலைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தேன். அந்த எண்ணைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. நாற்பத்தொன்பதில் காலில் மாட்டும் ஃபின் ஒன்று என் முகத்தில் இடித்தது.

டேங்கின் தலைப்பக்கம் வலை சிக்கி, அவர் மல்லாந்த வாக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். கை பின்னால் எட்டவில்லை. என்னைப் பார்த்ததும் விரலை வளைத்து ஓகே என்றார். கடிகாரத்தைக் காட்டினார். நூற்றுப் பதினாறு. நேரம் இருக்கிறது, மெதுவாக அறு என்று சைகை காட்டினார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். என் கடிகாரத்தை அவர் மாஸ்க்குக்கு எதிரே வைத்தேன். நாற்பத்தேழு. அவருக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்து மேலே போ என்று விரலைக் காட்டினார். எனக்குத்தான் காற்று குறைந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். பிறகு என் முள் கேஜை இழுத்து அவர் கடிகாரத்தோடு ஒட்டிப் பிடித்தேன். இரண்டும் நூற்றுப் பதினாறு. அவர் ஒரு முறை பார்த்தார், மறு முறை பார்த்தார். மாஸ்க்குக்குள் அவர் கண்கள் பெரிதானதை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது.

என் டேங்கின் உதிரி ரெகுலேட்டரை எடுத்து அவர் வாயில் கொடுத்தேன். அவர் டேங்கில் மிச்சம் இருந்தது அப்படியே இருக்கட்டும். பின்னால் போய்த் தடவித் தடவி அறுத்தேன். நைலான் இழை ஒவ்வொன்றும் வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக நின்று அறுந்தது. கடைசி இழை போனதும் அவர் உடம்பு தானாக நிமிர்ந்தது.

உடம்பில் ஏறிய காற்று அடங்க, மேலேறும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். ஒருவர் தோள்பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரே டேங்கில் இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றோம். மேலே போட்டின் அடிப்பாகம் ஓர் இலையைப்போல ஆடியது. வெளிச்சம் தூண்தூணாக இறங்கியது. என் கையில் நாற்பத்தி நாலு அசையாமல் நின்றது.

மேலே வந்ததும் தேசிங்கு எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே டேங்க்ல வந்துக்கினு கீறீங்க?"

சேவியர் சார் போட்டின் விளிம்பைப் பிடித்து ஏறினார். நடந்ததை நான் சொல்லச் சொல்லக் கேட்டார். கரை வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

5. ரிப்போர்ட்

ராமநாதன் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பீஸ்ல ஃபால்ட்டுன்னு கம்பெனிக்கு எழுதிடலாம். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"பீஸ் நல்லாத்தான் சார் இருக்கு. நான்தான் மாத்திப் பூட்டிட்டேன். பூட்டினப்புறம் செக் பண்ணவும் இல்ல" என்றேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன்.

சேவியர் சார் குறுக்கே பேசினார். "அதை எழுதுங்க சார். எழுதித்தான் ஆகணும். ஆனா இதையும் எழுதுங்க. கேஜைக் கழட்டிப் போடுன்னு நான் சொன்னேன், வசந்திம்மா கேக்கல."

இரண்டையும் நானே எழுதினேன். அன்று மாலை மந்தைவெளிக் கடையில் இரண்டு நெயில் பாலிஷ் வாங்கினேன். ஒரு ஜோடிக்குச் சிவப்புப் பொட்டு, இன்னொன்றுக்கு ரோஸ். முள் கேஜ் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று போர்டில் எழுதி வைத்தோம். சர்வீஸ் நடக்கும்போது போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று பழகிக்கொண்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கருவி பொய் சொல்லவில்லை. சேவியரின் காற்றை அது கடைசி எண்வரை சரியாகத்தான் சொன்னது. யாருடையது என்று கேட்க வேண்டியது என் வேலை, அதை நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அன்று எடுக்காமல் விட்டுவந்த கருவியை எடுக்க மறுபடி போனோம். நான் தயங்கித் தயங்கி அவருக்கு ரெகுலேட்டரை மாட்டிக் கொடுத்தேன். அவர் டேங்கைத் தூக்கிக்கொண்டு, நான் எதுவும் கேட்காமலே, ஈர மணலில் பத்தடி தள்ளி, என் டிரான்ஸ்மிட்டர் எட்டாத தூரத்தில் போய் நின்றார். கையைத் தூக்கிப் பார்த்தார். அலைச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"இருநூறு! யாருது வசந்திம்மா?"

"உங்களுதுதான் சார்!"

"நல்லாக் கேக்கல!"

இன்னும் பலமாகக் கத்தினேன்.