சங்குக்கு எழாத பள்ளிக்கூடம்

திருவொற்றியூரில் டீ குடிக்கப் போகிற வழியில், காயலான் கடை வாசலில் கிடந்த தண்டவாளத் துண்டைச் சும்மா தொட்டேன். கையில் ஒட்டிய துரு வாடையோடு எங்கள் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே மணி என்று தொங்கியது இப்படியொரு துண்டுதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஆலை, ஜன்னல் கம்பியெல்லாம் கரி, மதியச் சங்கு ஊதினால் தெருவே எழுந்து சோற்றுக்கு நடக்கும், நாங்கள் மட்டும் பசியோடு உட்கார்ந்திருப்போம், ஏனென்றால் எங்கள் பெரிய டீச்சர் சங்கு அடங்கும்வரை பொறுத்து, நடத்திக்கொண்டிருந்த பாடத்தை நிதானமாக முடித்துவிட்டு, அப்புறம்தான் போய் அந்த இரும்பைத் தட்டுவார்.

ஆலையில் மூட்டை தூக்கிய என் நைனா ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார். "இன்னா டீச்சர், சங்கு ஊதுனா எய்ந்துக்கத் தெரியாத பொண்ண எந்தக் கம்பெனில சேத்துக்குவான்?"

"கம்பெனிக்கு ஆள் புடிச்சிக் குடுக்கவா கவர்மென்ட்டு பள்ளிக்கூடம் நடத்துது? எழுந்திருக்கணுமா வேணாமான்னு இதுங்களே யோசிக்கத்தாங்க" என்றார் டீச்சர்.

"யோசிச்சா சோறு வருமா?" என்று முனகிக்கொண்டே நைனா திரும்பிப் போனார்.

ஆலையை மூடினார்கள், பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். இரண்டையும் இடித்துச் சமப்படுத்திய இடத்தில் இப்போது கன்டெய்னர் யார்டு. எனக்கு அங்கேதான் வேலை.

டீ நேரம் முடிந்ததென்று யார்டில் சங்கு ஊதியது. யோசிக்க வேண்டும் என்று எனக்கு ஞாபகம் வந்தபோது, துருக் கையோடு உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். டீ குடித்திருக்கவில்லை.