டின்னுக்குள் அலறிய போன்கள்

கூடலூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் நான் வேலை பார்த்தபோது, எங்கள் கைகளுக்குச் செல்போன் வந்த புதிது. பேச்சில் வேலை கெடுகிறதென்று முதலாளி காலையிலேயே எல்லாருடைய போனையும் வாங்கி, தன் மேசையிலிருந்த பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூலிக்குக் கையைத்தான குடுத்தோம், காதையுமா குடுத்தோம்?" என்று கேட்டேவிட்டேன்.

"போன் வந்தா நானே எடுத்துச் சொல்றேன் தாயி" என்றார்.

சொன்னபடியே செய்தார் மனுஷன். நாங்கள் குனிந்து காய் பொறுக்க, டின் ஓயாமல் அலறியது.

"ஆத்தா, ஒன் மாமியா கேக்குறாக, உப்பு டப்பா எங்கன இருக்காம்?"

"ஏத்தா, ஒம் மகனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சாம்!"

கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவருடைய சொந்த போன் பக்கத்திலேயே அடித்து அடித்து ஓய்ந்தது.

ஒருநாள் அவர் என் போனை எடுத்து வாய் திறப்பதற்குள் அவர் மனைவியின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரு காலையிலருந்து போனை எடுக்க மாட்டேங்குறாகத்தா. அங்கனதான் இருக்காகளா?"

அவர் எழுந்து வந்தார். டின்னை எங்கள் நடுவில் வைத்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"இருக்கேன்னு சொல்லு தாயி."