இறங்கியதும் முதல் போன்

எங்கள் இலத்தூரில் வீட்டுக்கு ஒருவர் போலீஸிலோ பட்டாளத்திலோ இருப்பார்கள். என் கணவரும் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். அதனால் மகன் விமானப்படையில் பைலட் பயிற்சிக்குத் தேர்வானபோது ஊரில் யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. "பாத்து ஓட்டச் சொல்லுங்க டீச்சர்" என்றார் பால்காரர், ஏதோ அவன் மினி பஸ் ஓட்டப் போவதுபோல. நான் கணக்கு டீச்சர். பிரம்பை எடுக்காமலே வகுப்பை அடக்குகிறவள் என்று பெயர். அந்தப் பெயரெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. அவன் போன நாளிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

விமானம் ஓட்டும் பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் கிடைத்த லீவில், அறைத்தோழனையும் கூட்டிக்கொண்டு வந்தான். பஞ்சாப் பக்கத்துப் பையன். குற்றாலத்தில் நல்ல சீசன். ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றவனை வெளியே கொண்டுவர என் மகன் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஈரத்தலையோடு தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டவன், போனை என் பக்கம் திருப்பிவிட்டான். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. நான் கையில் இருந்த மங்குஸ்தானைப் பிய்த்துக் காட்டினேன். அவள் வாசலில் கட்டியிருந்த எருமையைக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். பேச்சு அவ்வளவுதான். சாயங்காலம் புளியறை ரோட்டுக் கடையில் அந்தப் பையன் புரோட்டா தின்றதைப் பார்த்து எனக்கே பசி எடுத்தது. "அம்மா, இன்னொண்ணு" என்கிற அளவுக்குத் தமிழ் படித்துக்கொண்டுதான் ஊருக்குப் போனான்.

பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறவரும் கூடவே விமானத்தில் இருப்பாராம். ஒருநாள் அவர் இறங்கிக்கொள்வார். பையன் தனியாக மேலே ஏறி, ஒரு வட்டம் போட்டு, தனியாகவே இறங்கவேண்டும். அதற்கு சோலோ என்று பெயர். அது முடிந்தால்தான் பாதி பைலட். மகன் இதைச் சொன்ன அன்றைக்கு, நானும் மோட்டார் சைக்கிள் கதை கேட்பவள் மாதிரி உம் கொட்டிக்கொண்டு கேட்டேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் சட்டென்று டிவியை அணைத்தார். வீடு பற்றி எரிந்தாலும் டிவியை அணைக்காத மனுஷன். "என்ன?" என்றேன். ரிமோட்டைப் பிடுங்கி மறுபடி டிவியைப் போட்டேன். பயிற்சி விமானம் விழுந்து, தனியாக ஓட்டிச் சென்ற பயிற்சி பைலட் இறந்துவிட்டதாக எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பெயர் போடவில்லை. மகனின் போன் அணைந்து கிடந்தது. பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக வந்து, ஒன்றும் கேட்காமல் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். அந்த மௌனத்துக்காக அவர்கள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில்தான் மகன் கூப்பிட்டான். "யம்மா, நான் இல்ல" என்றான். அதற்குப் பிறகு, அது யார் என்று சொன்னான். எருமை கட்டிய அந்த வாசல்தான் என் கண்ணில் வந்தது. ஆனால் என் வாயில் வந்தது, "நல்லவேளை" என்ற சொல். பெற்ற வயிறு பேசிவிட்டது. அவன் போனை வைத்துவிட்டான்.

நண்பனின் உடலோடு அவனையும் பஞ்சாபுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து பேசினான். "இறங்குனதும் போன் பண்ணுதேன்னு அவன் சொல்லிட்டுப் போயிருக்கான்மா. அவங்கம்மா இன்னும் போனக் கையில இருந்து கீழ வைக்க மாட்டேங்காங்க."

கொஞ்ச நாள் நின்றிருந்த பயிற்சி மறுபடி தொடங்கியது. மாசி மாதம் அவன் முறை வந்தது.

"நாளைக்கு என்னைய தனியா அனுப்புதாங்க. போவட்டுமாம்மா?"

உத்தரவு போடுகிற இடத்தில் நான் இல்லை. வேண்டாம் என்று நான் சொன்னால் அவன் நிற்பான் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்திருலே, வயலைப் பார்த்துக்கிட்டு இங்கனயே கிட என்று நாக்கு நுனிவரை வந்தது.

"போ. ஆனா இறங்குனதும் முதல் போன் எனக்குத்தான் வரணும், கேட்டியா?" என்றேன்.

"சரிம்மா."

மறுநாள் வகுப்புக்குப் போனை எடுத்துக்கொண்டு போனேன். எத்தனை பிள்ளைகளிடம் பிடுங்கி வைத்திருக்கிறேன், அன்று நானே போனை மேசைமேல் வைத்துக்கொண்டு வட்டத்தின் பரப்பளவு நடத்தினேன். ஒரு பிள்ளையும் மூச்சு விடவில்லை. அவன் சொன்ன நேரம் தாண்டியது. இடைவேளை மணி அடித்ததும் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு ஓடிப்போய் நானே கூப்பிட்டேன். நம்பர் பிஸி.

பிஸி என்றால் உயிரோடு இருக்கிறான். ஒரு சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பெற்றவள் இங்கே செத்துக்கொண்டிருக்கும்போது இவனுக்கு வேறு எவளோடு பேச்சு? திரும்பக் கூப்பிட்டேன். பிஸி. திரும்பவும் பிஸி. வரட்டும், கிழித்துத் தோரணம் கட்டுகிறேன் என்று நின்றேன்.

கடைசியில் அவனே கூப்பிட்டான். "யம்மா, நல்லபடியா இறங்கிட்டேன்."

"யார்கிட்டலே இம்புட்டு நேரம் பேசிக்கிட்டு இருந்த? என்ன சொல்லி அனுப்புனேன் உன்னைய?"

"அவங்கம்மாகிட்டம்மா" என்றான்.

கோபம் இருந்த இடம் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"தரையிலதான் நிக்கியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். நெசமாவே தரையிலதானான்னு திரும்பவும் கேட்டாங்க. ஆமா ஆன்ட்டி, தரையிலதான் நிக்கேன்னேன். அதுக்கப்புறம்தான் அழுதாங்க."

எனக்கும் அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அது அவளுடைய கேள்வி என்று விட்டுவிட்டேன். "வெயில்ல நிக்காதலே, உள்ள போ" என்றேன்.